இரண்டு கொல்லை காத்த இங்கிலீசு

ஆங்கிலம் என்னும் ஆழ்கடலைப் பாதி பெங்களூர்க் காலேஜிலும் மீதியைச் சோளக்கொல்லைப் பரண்மேலும் குடித்துத் தீர்த்தவனே, கக்கத்தில் தலையணைப் பருமன் புத்தகமும் வலக்கையில் கவணும் ஏந்திய இருபடைத் தலைவனே, கெலமங்கலத்துக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் பிறந்த சென்னப்பன் மகன் முனிவேலே, உன் பேரைச் சொல்லித் தொடங்குகிறேன். பொய் கலந்திருந்தால் என் நாக்கு அழுகட்டும். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். இங்கிலீசு படித்தவன் சொல்லிக் கேட்டதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். பி.ஏ. இங்கிலீசு என்னும் மாமதில் கோட்டையைப் பங்குனியில் முற்றுகையிட்ட அவ்வீரன், மற்ற வாயில்களெல்லாம் பொடிபட்டு வீழ, நாடகப் பேப்பர் என்னும் ஒற்றை வாயிலில் நாலு மார்க்கால் அடிபட்டு, கிராப்பு கலைந்து ஊர் திரும்பியிருந்தான். புரட்டாசியில் மறுபோர். அதிலும் தோற்றால் நேரப்போவதை அவன் தகப்பன் ஊர் கேட்கப் பிரகடனம் செய்தான்.

“இந்தவாட்டியும் கோட்ட உட்டீன்னா புஸ்தகத்த எரவானத்துல சொருவிட்டு மேழியப் புடி. அதுவரைக்கும் ஊட்ல குந்திக்கினு படிக்க வாணாம். பரண்மேல குந்திக்கினு படி. குருவியும் ஓடும், பாடமும் ஏறும்.”

அவ்வாறே ஏறினான். பால் கட்டிய கதிர்கள் தலை சாய்த்து நின்ற அச்சோளப் பெருங்களத்தின்மேல், தேன்கனிக்கோட்டைக் காட்டுத் திசையிலிருந்து, கரியமேகம் கிழிந்து கல்லாய்க் கொட்டியதுபோல, அலகே வேலாய், சிறகே கேடயமாய், பசியே சேனாபதியாய், எண்ணித் தீராக் குருவிப் படை வந்திறங்கிற்று. வீரன் கவணை எடுத்தான். கல் போன திசை அவனுக்கே தெரியவில்லை. தகரத்தைத் தட்டினான்; குருவிகள் தலையாட்டித் தின்றன. அப்போதுதான் புத்தகத்தைப் பிரித்து, நாடகத்தில் குத்துப்பட்ட ராஜா ஒருவன் சாகுமுன் சபிக்கும் சாபத்தை, அடிவயிற்றிலிருந்து இடிபோல் எடுத்து முழங்கினான். ஒரு வரி முடியவில்லை. படை முழுதும் எழுந்து வானை மறைத்து, வரப்பு தாண்டி மேற்கே பறந்து ஒழிந்தது.

மேற்கே இருப்பது கங்கப்பன் கொல்லை.

மூன்றாம் நாள் கங்கப்பன் சென்னப்பன் வாசலில் வந்து நின்றான். பின்னால் அவன் பெண்சாதி சாந்தம்மா, குருவி கொத்திய கதிர்களை மடியில் கட்டிச் சாட்சியாகக் கொண்டுவந்தாள்.

“சென்னப்பண்ணா, ஒம் மவன் இங்கிலீசு ஓதனா குருவி அம்புட்டும் எங்கொல்லயில எறங்குது. அவன் பி.ஏ. ஆவறதுக்கு நாங்களா சோளம் போடறது?”

“குருவிக்கி நான் வழி காட்டனனா? ஒனக்கும் ஒரு மவனப் பெத்துப் படிக்க வெச்சிருந்தா இந்த ரோதன உண்டா?”

வழக்கு ஊர்க்கவுண்டரிடம் போயிற்று. அவர் வெற்றிலையை மூன்று முறை மென்று தீர்ப்பு உரைத்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. காலையில் சென்னப்பன் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டுவான், உச்சிக்கு மேல் கங்கப்பன் ஓட்டுவான். தண்ணிக்கு என்ன முறையோ இங்கிலீசுக்கும் அதே முறை. காலையில் தகப்பன் பரணில் படிக்க வேண்டியது, உச்சிக்கு மேல் கங்கப்பன் பரணில் படிக்க வேண்டியது. மகாராஜாக்கள் நாட்டைப் பங்கு போட்டதைக் கூத்தில் பார்த்திருக்கிறேன். பாஷையைப் பங்கு போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் கங்கப்பன் லேசில் நம்பமாட்டான். அது ஒன்றில் அவனை நான் மெச்சுவேன். நல்ல பக்கங்களைச் சொந்தக் கொல்லைக்குப் படித்துவிட்டு, சத்தில்லாத பக்கங்களைத் தன் தலையில் கட்டுவார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். எழுத்தறியாத சாந்தம்மா அதற்குக் காவல் நின்றாள். காலையில் முனிவேல் எந்தத் தாளில் தொடங்கினான், எங்கே முடித்தான் என்று பார்த்து, இரண்டு இடத்திலும் சோளத்தோகை செருகி வைப்பாள். மத்தியானம் பரணடியில் நின்று, தாள் திருப்புவதை விரல் விட்டு எண்ணுவாள்.

“தம்பி, காலயில அந்த ராசா சாவறப்ப கத்துன கத்து இப்பக் காணமே. அவன் ஒங்கப்பன் கொல்லைக்கித்தான் சாவானா?”

“அக்கா, தொண்ட வலிக்குது. மெள்ளப் படிச்சாலும் அதே ராசாதான்.”

“மெள்ளச் செத்தா குருவி போவாது. நல்லாச் சாவ உடு.”

இவ்விதமாக, வாழ்நாளில் எந்தப் பக்கத்தையும் இரண்டாம் தரம் பார்த்தறியாத அவ்வீரன், இருபத்திரண்டு நாள், பகல்தோறும் இருமுறை, பரண்தோறும் ஒருமுறை, அதே ராஜாவைக் காலையில் கொன்று மத்தியானம் மறுபடி கொன்று, அவன் ராணியைக் காலையில் அழவிட்டு மத்தியானம் மறுபடி அழவிட்டு, புத்தகம் இல்லாமலே முழங்கும் நிலை எய்தினான். பரீட்சைக்கு முந்தின நாள், சூரியன் சாயும் பொழுதில், குருவிப் படை கடைசியாகத் திரண்டு வந்தது. வாய் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

இரு வீடும் பகை மறந்து ஓடிவந்தன. மிளகுக் கஷாயம் வந்தது, காட்டுத்தேன் வந்தது. தாய் வெள்ளையம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கொரலு போயிடிச்சே, நாளிக்கிப் பரீட்சய எப்பிடிடா சொல்லுவ?”

பரீட்சை கையால் எழுதுவது என்று வீரன் விரலால் காற்றில் எழுதிக் காட்டினான். மகனுக்குக் கை இழுக்கிறது என்று சென்னப்பன் துண்டை வாயில் பொத்தி அழுதான். மேழி பிடி என்று முழங்கிய அதே வாய்தான்.

மறுநாள் விடியலில் பஸ் ஏறினான். அந்த ராஜா செத்த இடத்திலிருந்தே கேள்வி வந்தது என்று பிற்பாடு சொன்னான். சொன்னவன் அவன்தான், நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் கார்த்திகையில், கெலமங்கலம் காப்பிக் கடையில், பேப்பரில் அவன் நம்பர் அச்சாகியிருந்ததை இரண்டு பேரை வைத்துத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இருவரும் அதே நம்பரைச் சொன்னார்கள். எனவே, நாடகப் பேப்பர் வாயிலை நெஞ்சால் இடித்துத் திறந்த நெடுமுழக்கக் கண்டனே, காலை ஒரு படைக்கும் மாலை ஒரு படைக்கும் அஞ்சாத பரண்வேந்தே, எங்கள் ஊரின் முதல் பி.ஏ.யே, நீ குரல் குன்றாமல் நெடுங்காலம் நிலைப்பாயாக.

அவன் பஸ் ஏறிய மூன்றாம் நாளே இரண்டு கொல்லைச் சோளத்தையும் குருவி தின்றுவிட்டது.