சாதுவின் சாம்பலுக்கு எத்தனை நட்சத்திரம்?

எழுதுகிறவன் திருவண்ணாமலையில் குடியிருக்கக் கூடாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. உட்கார்ந்த இடத்தில், ஃபேனுக்கு அடியில், இருநூறு பக்கம் புரட்ட ஓர் ஆள் கிடையாது. இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். வயிற்றெரிச்சல் இல்லாதவன் எதற்கு நாவல் எழுதப்போகிறான்.

என் பெயர் இருசப்பன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் 'பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதி எழுதித் தேய்ந்த கை இது. எதையும் யாரும் பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் தைரியமாக ஒரு நாவல் எழுதிவிட்டேன். சொந்தச் செலவில் அச்சும் போட்டேன். முதல் பதிப்பு என்று போட்டிருந்தது. முதல் பாதிப்பு எனக்கு.

நாவலின் பெயர் 'ஒரு சாதுவின் சாம்பல்'. சாது என்றால் காவி கட்டியவர் இல்லை. கரப்பான்பூச்சியைக் கூட 'வாங்க, போங்க' என்று பேசுகிற ஒரு குடும்பஸ்தன், சிவநேசன். அவனை அரக்கி ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு, காலைக் காபியில் ஆரம்பித்து ராத்திரிக் கொசுவத்தி வரை கொஞ்சம் கொஞ்சமாக எரித்துச் சாம்பலாக்குகிறாள். பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். என் மனைவி உண்ணாமலை படித்தால் அந்த முதல் பக்கம் கோர்ட்டில் நிற்காது.

அதனால் அவள் கேட்டபோது எச்சரிக்கையாகவே பதில் சொன்னேன்.

"இன்னா கதைங்க எழுதறீங்க?"

"ஆன்மிகம்."

"நீங்களா?"

"ஒரு சாதுவப் பத்தி."

"ஓ," என்றாள்.

அந்த 'ஓ'வை நான் சரியாகக் கவனிக்கவில்லை. நான் உண்டு, என் கொம்பு சுழி உண்டு என்று இருந்துவிட்டேன்.

புத்தகம் வந்தது. பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் போனது. வெளியே வரவில்லை. விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. இணையத்தில் புத்தகம் விற்கும் இடங்களில், விமர்சனம் இல்லாத புத்தகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். அதனால் என்னைப் போல் சொந்தமாகப் பதிப்பிக்கிறவர்கள் எல்லோரும் தன்னார்வ வாசகர்களைத் தேடி அலைகிறார்கள். புத்தகம் இலவசம். பதிலுக்கு, படித்துவிட்டு மனசில் பட்டதை நாலு வரி எழுதி, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. எழுதியவரின் குடும்பத்தார் பாராட்டக் கூடாது. இந்தச் சட்டம் போட்டவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. எந்த வீட்டில் பாராட்டுகிறார்கள்.

நான் சபதம் செய்தேன். அடுத்த பௌர்ணமி கழிவதற்குள் பத்து விமர்சனம். இல்லாவிட்டால் பேனாவைத் தொடுவதில்லை. உள்ளதைச் சொன்னால் பத்து கூட வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு மனிதர் கடைசிப் பக்கம் வரை போய், 'பாவம் சார் நீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் அத்தனை பக்கம் எழுதினேன்.

முதலில் பக்கத்து சீட் அருள்ராஜிடம் நூல் விட்டுப் பார்த்தேன்.

"படிச்சீங்களா அருள்ராஜ்?"

"சூப்பர் சார்."

"எந்த எடம் புடிச்சுது?"

"மொத்தமாவே சூப்பர் சார்."

"கடைசில சிவநேசன் இன்னா ஆவறான், சொல்லுங்க பாப்போம்."

"சார், அத வெளிய சொல்லக் கூடாது சார். படிக்கறவங்களுக்கு சஸ்பென்ஸ் போயிடும்."

மறுநாள் அவர் கம்ப்யூட்டர் திரை நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. கீழே என் நாவல். அது தூக்கி நிறுத்திய ஒரே பொருள் அந்தத் திரைதான்.

எங்கள் நகர் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'இலவசம்' என்ற சொல்லுக்கு நிறையக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. 'விமர்சனம்' என்ற சொல் வந்ததும் எல்லாக் கட்டைவிரலும் மடங்கிவிட்டன. ஒருவர் மட்டும், "சினிமாவா எடுத்தா சொல்லுங்க சார், பாத்துட்டு சொல்றேன்" என்று எழுதினார்.

பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கையில், யாரை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனோ அவளே கைகொடுக்க வந்தாள்.

"ஏங்க, எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்குனு உக்காந்திருக்கீங்க?"

"படிக்க ஆள் இல்ல."

"அவ்ளோதானா? பௌர்ணமிக்கு எங்க மகளிர் குழுவுல கிரிவலப் பாதையில சுண்டல் குடுக்கறோம். தொன்னை ஒரு கையில, உங்க புக்கு ஒரு கையில. குடுத்துட்டாப் போச்சு."

"சுண்டல் சாப்ட்டு என் புக்குல கை தொடைப்பாங்க."

"தொடைக்க மாட்டாங்க. சொல்ல வேண்டியபடி சொல்லி நான் குடுக்கறேன்."

இவளையா அரக்கி என்று எழுதினோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். இலக்கியத்தில் இரக்கம் ஜாஸ்தியாகக் கூடாது.

யோசித்துப் பார்த்தால், இந்தப் புத்தகத்துக்கு அவள் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை. அச்சுக்குப் போகும் முன், தலையில் கை வைத்துக் குந்தியிருக்கும் ஓர் ஆண் படத்தை அட்டைக்கு வைத்திருந்தேன். "தலவலி மாத்திர விளம்பரம் மாதிரி இருக்குது. நம்ம மலையப் போடுங்க, பாந்தமா இருக்கும்" என்றாள். போட்டேன். இப்போது ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு விபூதிப் பொட்டலம் செருகினாள். "சாம்பல்னு பேர வெச்சுட்டு சாம்பல் இல்லன்னா எப்படிங்க?" என்றாள். இவ்வளவு வியாபார மூளையை உளுந்து ஊறப்போட்டே வீணடித்துவிட்டாளே என்று வருந்தினேன்.

அட்டைமேல் ஒட்ட ஒரு துண்டுச்சீட்டும் நான் எழுதினேன். 'இந்நூலை முழுமையாக வாசித்தருளிய பின்னர், தங்கள் மேலான மதிப்பீட்டினை ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களாகக் கீழ்க்காணும் எண்ணுக்கு...'

"இது இன்னா, ஆபீஸ் மெமோவா?" என்றாள். "நடந்து வர்றவங்க நின்னு படிப்பாங்களா? 'பெயர், நட்சத்திரம் அனுப்பவும்'னு போட்டு உங்க நம்பரப் போடுங்க. முடிஞ்சுது."

சுருங்கச் சொல்லுதல் நூலுக்கு அழகு. ஒப்புக்கொண்டேன்.

பௌர்ணமி சாயங்காலம் என்னைத் தண்ணீர் கேனுக்குக் காவல் போட்டுவிட்டாள். சாலைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவளும் சுண்டல் அண்டாவும் என் நாவலும். ஜனங்கள் வாங்கினார்கள். எப்படி வாங்கினார்கள் தெரியுமா. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் தலையில் வைத்துக்கொண்டே நடந்தார். எந்த எழுத்தாளனுக்கு இது கிடைத்திருக்கிறது. உண்ணாமலை ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. சிறந்த நாவல் என்று சொல்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். நிலா மேலே ஏறுவதற்குள் பெட்டிகள் காலி.

காலையில் போன் சிணுங்கத் தொடங்கியது. ஆவலோடு எடுத்தேன்.

'கோபி. உத்திரட்டாதி.'

'கீதாஞ்சலி, பூசம், கடக ராசி.'

'வல்லரசு. கேட்டை. பிளஸ் டூ பரீட்சை.'

ஒருவர் 'மூலம்' என்று மட்டும் அனுப்பியிருந்தார். நட்சத்திரமா, வியாதியா, இந்தக் கதைக்கு மூலம் எது என்ற கேள்வியா என்று விளங்கவில்லை.

மத்தியானத்துக்குள் இருபத்தேழு நட்சத்திரமும் வந்து சேர்ந்துவிட்டன. எனக்கு வேண்டிய ஐந்து மட்டும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. கோயில் ஊரில் பெயரும் நட்சத்திரமும் கேட்டால் அது எதற்கு. கோயிலுக்குப் போனால் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். குருக்களிடம் வீட்டில் எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கடகடவென்று ஒப்பிப்பது உண்ணாமலை. எனக்கு எங்கே அது ஞாபகம் வரப்போகிறது. நான் விமர்சனம் கேட்டேன். ஊர் அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்துவிட்டது. அர்ச்சனை எனக்கு வீட்டிலேயே தினம் கிடைக்கிறது.

போகட்டும், சீட்டில்தான் பிழை, புத்தகத்தைப் படித்திருப்பார்கள் அல்லவா என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பு வந்தது.

"சாமிங்களா?"

"இருசப்பன் பேசறேன்."

"கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மா சாமி. உங்க புக்கு வீட்டுக்கு வந்த நேரம், கோச்சுக்குனு போன எம் மருமவ காலைல திரும்பி வந்துட்டா சாமி."

"சந்தோஷம்மா. புக்கு எதுவரைக்கும் படிச்சீங்க?"

"ஐயோ, பிரிப்பனா சாமி? அந்த அம்மா சொன்னாங்களே."

"எந்த அம்மா?"

"சுண்டல் குடுத்த அம்மா. இது ஒரு சாது வாயத் தொறக்காம தவம் இருந்து எழுதினது, பிரிச்சா பலன் போயிடும், மஞ்சத் துணியில சுத்தி சாமி படத்தாண்ட வெச்சு தெனம் ஒரு பூ போடுன்னு சொன்னாங்களே. எல்லார்கிட்டயும் அதத்தான் சாமி சொன்னாங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம் சாமி. அந்த சாது எப்ப முக்தி அடைஞ்சாரு?"

"இப்பதாம்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சமையலறைக்குப் போனேன். உண்ணாமலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா சொல்லிக் குடுத்த அந்த ஜனங்ககிட்ட?"

"நீங்க என்கிட்ட இன்னா சொன்னீங்களோ அதத்தான். ஆன்மிகம், ஒரு சாதுவப் பத்தின்னு."

"பிரிக்கக் கூடாதுன்னு நான் சொன்னனா?"

"அது நான் படிச்சதுக்கு அப்பறம் சேத்துக்கினது."

"படிச்சியா? எப்போ?"

"ப்ரூஃப் குடுத்தனுப்பினாங்களே, அன்னிக்கு நீங்க ஆபீஸ்ல. கையெழுத்துப் போட்டு வாங்கினது யாரு?" கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "எல்லா எடத்துலயும் 'அரக்கி'க்குப் பெரிய 'ற' போட்டு வெச்சிருந்தீங்க. ஒண்ணொண்ணா சின்ன 'ர' ஆக்கினது நான்தான்."

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் நல்ல தமிழ் படித்தவர் என்று நான் அருள்ராஜிடம் பெருமை பேசியிருந்தேன்.

"படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க எதிர்ல உக்காந்து சாப்ட்டுக்குனு, அட்டையில எழுத்து செவப்பா இருக்கட்டுமா, மஞ்சளா இருக்கட்டுமான்னு கேட்டீங்க. நான் மஞ்சள்னு சொன்னேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. மஞ்சள்தான் போட்டேன். எடுப்பாக இருந்தது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் எழுத்தாளன். உலகத்தில் என் நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் எதிரே கீரையோடு உட்கார்ந்திருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"கத எப்படி இருந்துச்சு?"

அவள் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள்.

"முழுசாப் படிச்சவ நீ ஒருத்திதான்," என்றேன். "குடும்பத்துல இருக்கறவங்க வெளிய சொல்லத்தான் கூடாது. என்கிட்ட சொல்லலாம். எத்தன நட்சத்திரம் குடுப்ப?"

"குடுக்கறேன்," என்றாள். "மொதல்ல என் நட்சத்திரம் இன்னான்னு சொல்லுங்க."

கையில் போன் இருந்தது. அதில் முன்பின் தெரியாதவர்களின் நட்சத்திரங்கள் ராசியோடு வரிசையாக இருந்தன. குருக்களுக்கு முன்னால் தட்டோடு நின்ற அத்தனை வருஷத்தையும் கண்ணை மூடிக்கொண்டு துழாவினேன். அவள் குரல் கேட்டது. என் பெயர் கேட்டது. பிள்ளைகள் பெயர் கேட்டது. கடைசியில் எங்கோ ஆழத்திலிருந்து ஒன்று மேலே வந்தது. நிச்சயமாக இந்த வீட்டில் அடிக்கடி கேட்ட நட்சத்திரம்தான். நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"ரோகிணி."

உண்ணாமலை கீரை முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது உங்க அம்மாவுது."