எந்த ஊர் டீக்கடை

தலைமையாசிரியையின் அறையில் மூன்று பேர் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்ததும், பிலோமி டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. ஏழாம் வகுப்பைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபேஸ்புக்கில் ஒரு சிறுகதை போட்டிருந்தாள். திருச்சுழிப் பக்கம், பேர் சொல்லாத ஓர் ஊர். வேப்பமரத்தடியில் டீக்கடை. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸும் பெஞ்சும். காலனி ஆட்களுக்குப் பேப்பர் கப்பு, அதையும் ரோட்டோரம் நின்றுதான் குடிக்க வேண்டும். கதையில் நின்று குடிப்பவர் அவளுடைய அப்பா. சாகும்வரை அவர் எந்த டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை. அந்தக் கதையை முந்நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

வந்தவர்களில் மூத்தவர் பெயர் சின்னச்சாமி. "வேப்பமரத்தடி டீக்கடைன்னா அது எங்க ஊருதான். ஊருப் பேரையே கெடுத்துட்டீக டீச்சர்" என்றார்.

அந்த ஊருக்குத் தான் ஒருமுறைகூடப் போனதில்லை என்றாள் பிலோமி.

"போகாமலா? அப்ப பேப்பர் கப்பு விசயத்தை ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பக்கத்திலிருந்தவர் சின்னச்சாமியின் தொடையைக் கிள்ளினார்.

தலைமையாசிரியை கோகிலாம்பாளுக்கு வம்பு ஆகாது. மரத்தை மாற்றிவிடுங்கள், முடிந்தது என்றார். பிலோமி அங்கேயே போனை எடுத்து வேப்பமரத்தைப் புளியமரமாக்கினாள். மூவரும் படித்துப் பார்த்து, திருப்தியோடு கிளம்பினார்கள்.

சாயங்காலம் காரியாபட்டி ரோட்டிலிருக்கும் ஓர் ஊரிலிருந்து போன் வந்தது. புளியமரத்தடிக் கடை தங்களுடையதாம். அவள் மரத்தையே வெட்டிவிட்டுக் கடையை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் பைக்குகளில் இரண்டு ஊர்க்காரர்கள் வந்தார்கள். இரண்டு கோஷ்டியும் பள்ளி வாசலில், அது எங்கள் கடை, உங்கள் கடை இல்லை என்று தங்களுக்குள் சண்டை போட்டதில் காலை இடைவேளை போய்விட்டது. பதறிப்போன பிலோமி கடையைக் கண்மாய்க்கரைக்கு நகர்த்தினாள். அந்தச் சுற்று வட்டாரத்தில் கண்மாய் இல்லாத ஊர் கிடையாது என்பது, நாலு ஊர்க்காரர்களோடு ஒரு வேன் வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்னொரு வேன் வந்தால் மேலிடத்துக்கு எழுதுவதைத் தவிர தனக்கு வேறு வழியில்லை, மாவட்டத்தின் கடைசி மூலைக்கு மாற்றல் வரும் என்று கோகிலாம்பாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வீட்டில் ஜோஸ்வா, கதையை அழித்துவிட்டுப் பேசாமல் இரு என்றான். லோடு வண்டி ஓட்டும் தன் புருஷன் சொல்வதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரல் போகவில்லை. அப்பாவைப் பற்றி அவள் எழுதிய முதல் கதை அது. அவர் படம் என்று வீட்டில் ரேஷன் கார்டு படம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் சீட்டு கிடைத்து உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இடத்தை மாற்றினால்தானே ஆட்கள் வருகிறார்கள்? நடப்பையே மாற்றிவிட்டால்?

கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ் வைத்தாள். எல்லாருக்கும் ஒரே பெஞ்சு போட்டாள். அப்பாவைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தாள். எழுத எழுத அவளுக்கே ஆசையாகிவிட்டது. அவரைக் கால்மேல் கால் போட வைத்தாள். சீனி கம்மியாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் குறை சொல்ல வைத்தாள். இரண்டாவது டீயும் வாங்கிக் கொடுத்தாள். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

அதன்பிறகு ஒரு வேனும் வரவில்லை. சின்னச்சாமியே இதயப் படம் அனுப்பியிருந்தார். யாரோ ஒருவர் தன் ஊர்ப் பெயரைப் போட்டு, எங்கள் ஊர் இப்படித்தான் என்று பெருமையாக எழுதியிருந்தார். கோகிலாம்பாள் இரண்டு நாளாகச் சிரித்த முகமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவர் மொபெட்டில் தனியாக வந்தார். ஊர்ப் பெயரைப் போட்டுப் பெருமையாக எழுதியிருந்தவர்தான், பெயர் மாரிச்சாமி. பிலோமி, அத்தனையும் கற்பனைதான் என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள். கண்மாயை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டாள்.

"கண்மாய் கெடந்துட்டுப் போகுது டீச்சர்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சண்டை போட வந்தவராகத் தெரியவில்லை. கும்பிடுகிறவர் போலத்தான் நின்றார். "எங்க ஊர்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிறாகன்னு படிச்சிட்டு, எம் மகளைப் பாத்துட்டுப் போன சம்பந்தக்காரவுக வேண்டாம்னுட்டாக. பெஞ்சுல உக்கார வச்சீகல்ல, அந்த ஆளு, அவரைப் பழையபடி நிக்க வச்சிருங்க டீச்சர்."