நான் எடுக்கச் சொன்ன இங்கிலீஷ்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. கள்ளக்குறிச்சிக்குப் போய் ஓர் அறிக்கையை நெட்டில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கல்வராயன் மலையில் நாவல்காடு என்று ஓர் ஊர். ரோடு கிடையாது. பிரசவத்துக்குக்கூடத் தூளி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அதற்காக வெள்ளிக்கிழமை ரோடு ஆபீஸ் வாசலில் போராட்டம். ஆள் திரட்டத்தான் அறிக்கை.

எங்கள் சங்கத்துத் துண்டறிக்கைகளில் ஒரு வழக்கம் உண்டு. எதிரி சொன்னதை உச்சியில் கொட்டை எழுத்தில் போடுவோம். மக்கள் அதைப் படித்துக் காறித் துப்பிவிட்டுக் கீழே எங்கள் பதிலுக்கு வருவார்கள். ரோடு கேட்டபோது அந்த ரோடு ஆபீசர் சொன்னது: "மலைக்காரங்களுக்கு எதுக்கு ரோடு? நடந்தே பழகினவங்க!"

அதைத்தான் உச்சியில் வைத்தேன்.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் தமிழரசிதான் எங்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறார். அவர் அடிக்கும்போது எட்டிப் பார்த்தேன். ஆபீசர் பேச்சுக்கு முன்னும் பின்னும் க்யூ, யூ, ஓ, டி என்று இங்கிலீஷ்!

"இன்னாம்மா இது?"

"மேற்கோள் குறிங்க தலைவரே. நேரா அடிச்சா நம்ம பக்கம் முழுங்கிடுது. இப்பிடி எழுத்தால சொன்னாத்தான் குறி வரும்."

"மொழிக்காக ஜெயிலுக்குப் போனவன் அறிக்கையில இங்கிலீஷா? எடும்மா!"

"எடுத்தா குறி வராதுங்க."

"அதெல்லாம் தானா வரும். நான் பார்க்காத அச்சா!"

"அப்போ கொட்டை எழுத்துக்குப் போட்ட பி? அதுவும் இங்கிலீஷ்தான்."

யோசித்தேன். கொட்டை எழுத்து இல்லாத அறிக்கை, உப்பில்லாத கூழ்.

"அது ஒத்தை எழுத்துதானே. இருந்துட்டுப் போவட்டும்."

தமிழரசி என்னை ஒரு பார்வை பார்த்தார். எடுத்தார். ஏற்றினார். என் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வூடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் போன். நாவல்காட்டில் எங்கள் கிளைக்குப் பொறுப்பான தங்கராசு.

"யோவ், இன்னாய்யா எழுதிக்கீற?"

"ஏன், காரம் பத்தலையா?"

"மேல உன் மூஞ்சி. அதுக்குக் கீழ உன் பேரு. அதுக்குக் கீழ கொட்டையா, மலைக்காரங்களுக்கு எதுக்கு ரோடுன்னு கீது!"

"அது ஆபீசர் சொன்னதுய்யா!"

"அப்பிடின்னு எங்க போட்டுக்கீது?"

"கீழ பதில் இருக்குதே, படி!"

"கீழ எவன் போறான்? மேல படிச்சதுக்கே ஊரு கொதிச்சிக்கினு கீது!"

கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். பூட்டு. தமிழரசி திருக்கோவிலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆகுமாம். மூன்று நாளும் என் மூஞ்சி அந்தக் கொட்டை எழுத்துக்கு மேலே சிரித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை நாவல்காடே அடிவாரம்வரை நடந்து, அங்கிருந்து மினி லாரிகளில் வந்து இறங்கியது. அப்படி ஒரு கூட்டத்தை என் போராட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. வழக்கமாகப் பேனர் பிடிக்கவே ஆள் தேட வேண்டும்.

கொடியோடு முன்னால் போய் நின்றேன். என் பெயரைச் சொல்லி "ஒழிக!" என்றார்கள்.

இத்தனை வருஷப் பழக்கம். முதல் ஒழிகவுக்கு என் கை தானாகவே உயர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"யாரை எதிர்த்துங்க போராட்டம்?"

தங்கராசு என்னைக் கை காட்டினான்.

அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! படி இறங்கி வந்தார். தங்கராசு நீட்டிய மனுவை இரண்டு கையாலும் வாங்கினார். முதல் வரியை மட்டும் படித்தார்: இவரைத் தலைமையிலிருந்து நீக்க வேண்டும். "நியாயமான கோரிக்கை" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

நான் கொடுத்த மனுக்களெல்லாம் அந்த ஆபீசில் கரையானுக்குத்தான் போயின.

இரண்டாவது வரி, ரோடு வேண்டும் என்பது. அவரும் கீழே போகவில்லை!

நேற்று நாவல்காட்டுக்கு டேப்போடு ரோடு அளக்க ஆள் வந்துவிட்டது. முதல் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.