கொதிக்கும் சூட்டில் உருகாத ஐஸ்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் தங்கைக்கு மட்டும் முழங்கால் வலி, அதுவும் நான் ஏதாவது வேலை சொல்லும்போதுதான். உங்கள் தையல் கடையும் கண்பார்வையும் நன்றாக இருக்கட்டும். இதை ஓர் எழுத்து விடாமல் நீங்கள் படித்தாக வேண்டும்.

போன முறை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, ஆராய்ச்சிக் கூடத்தில் சூடான ஐஸ் செய்வதாக என் மகள் சொன்னாள். "சூடான ஐஸா? அடுத்தது என்னம்மா, ஈரமில்லாத தண்ணியா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். ஆயுள் முழுக்க ஃபிரிட்ஜ் பழுது பார்த்த எனக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் பெற்றவன் ஆயிற்றே. "நேர்ல பாத்துட்டு வந்து பேசறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

நேற்று உங்கள் தங்கையோடு அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டேன். மேசை மேல் உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு டப்பி, அதற்குள் முனையோடு முனை பார்க்கும் இரண்டு பொடி வைரம், நடுவில் ஒரு தகடு, தகட்டில் முடி நுழையும் அளவு ஓட்டை, அந்த ஓட்டைக்குள்தான் தண்ணீர் வைப்பார்களாம். நானோ, மேசையில் தூசி கிடக்கிறதே என்று கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தேன். அதுதான் உள்ளே வைக்க எடுத்து வைத்திருந்த தகடு. மகள் வேறொன்று எடுத்தாள். வைரங்களை நெருக்க அவள் டப்பியின் திருகாணியைத் திருகும்போது ஆடக்கூடாது என்று மூச்சை அடக்கி நின்றதில் எனக்கு விக்கல் வந்து, முழங்கை மேசையில் இடித்து, 'டிக்' என்றது. "ஒரு வைரம் போச்சுப்பா" என்றாள். உங்கள் தங்கை என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கைப்பையை மடியில் வைத்தாள். "இதைப் புடிச்சுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

மறுபடி வேறு வைரம் வைத்துத் திருகினாள். "வாங்கப்பா, இப்பப் பாருங்க." மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தண்ணீருக்குள் கண்ணாடிச் சில்லு போல ஒன்று முளைத்து, வளர்ந்து, ஓட்டையையே அடைத்துக்கொண்டது. குளிரே இல்லை மச்சான், எனக்கு வியர்த்துக் கொட்டியது. "அழுத்தம்தாம்ப்பா. அசைய இடமில்லாம அணுவெல்லாம் நெருக்கி அடுக்கிக்கிட்டு நிக்குது" என்றாள். அப்புறம் சூடு ஏற்றினாள். கொதிக்கும் சூடும் தாண்டிப் போயிற்று. ஐஸ் அப்படியே இருந்தது.

"தொட்டா சுடுமா?" என்றேன்.

"சுடும்ப்பா."

என் ஃபிரிட்ஜ்கள் எல்லாம் இரவு பகலாக இரைந்து செய்ததை, என் பெண் இரண்டு விரலால் திருகியே செய்துவிட்டாள். ஆகவே அடுத்த முறை வரும்போது அதே ஆட்கள் முன்னால், "நீ சொன்னது சரிம்மா" என்று அவளிடம் சொல்கிறீர்கள். அதுவரை என் பேண்ட்டுகளை வேறு கடையில்தான் தைக்கக் கொடுப்பேன்.

உங்கள் மனைவியாருக்கு வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த தங்கை புருஷன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் உங்கள் மனைவியார் போன் செய்தார். நீங்கள் அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாளே என் மகளிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த ஐஸின் படத்தை வாங்கிக் கடையில் மாட்டி, அளவு கொடுக்க வருபவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து விளக்குகிறீர்களாமே. மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடவும். அந்தப் படத்தில் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அவளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.