தானாக பிரேக் போட்ட நீலக் கார்

ஒரு காட்டில், பழைய கார் ஒன்றை வாங்கியே தீர வேண்டிய நிலைமையில் ஒரு முயல் ஜோடி இருந்தது. ஆண் முயலின் பெயர் வடமலை. மனைவி பூங்காவனம் நிறைமாதம். போன பிரசவம் மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸிலேயே ஆகிவிட்டது. கண்டக்டர் குரங்கு, பிறந்த குட்டிகளுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொன்னது. "இனி செத்தாலும் பஸ்ஸில் ஏற மாட்டேன்" என்று பூங்காவனம் சொல்லிவிட்டது.

அந்தக் காட்டில் பழைய கார் விற்றது ஏகாம்பரம் என்கிற நரி. மற்ற நரிகள் எப்படியோ, இது பொய் சொல்லாது. அதனால் வியாபாரம் படுத்துக் கிடந்தது.

"தம்பி, அந்த வெள்ளைக் காரை எடுத்துக்க. சாதாரண வண்டி. சொன்னபடி கேக்கும்," என்றது நரி.

"அந்த நீலக் கார்?"

"அதுல கேமரா, ரேடார் எல்லாம் இருக்கு. கோடு தாண்டினா ஸ்டியரிங்கை அதுவே திருப்பும். முன்னால யார் வந்தாலும் தானா பிரேக் போடும். முன்கண்ணாடி மாத்தினப்பவே அதுல ஒட்டியிருக்கிற கேமராவையும் சரிபார்த்தாச்சு. எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. அதனாலதான் வேண்டாங்கறேன். இந்தக் காட்டுல யாரைப் பார்த்தாலும் நிக்கிறது நல்லதில்ல."

வடமலை மனைவியை ஓரமாக அழைத்துப் போனது. "நரி வேண்டாங்குதுன்னா அதுதான் நல்ல வண்டி. மச்சானுக்கு எடுத்து வச்சிருக்கும்."

ஓட்டிப் பார்த்தன. காட்டுப் பாதையில் கோடு ஏது? கார் எறும்பு வரிசையைக் கோடு என்று நினைத்துக்கொண்டு, அது வளைந்த இடமெல்லாம் தானும் வளைந்து, புற்றுக்கு முன்னால் அழகாக நின்றது. "என்ன ஒரு ஒழுக்கம்," என்றது பூங்காவனம். அன்றைக்கே வாங்கிவிட்டன. நரி தலையில் கை வைத்தபடி சாவியைக் கொடுத்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் பூங்காவனத்துக்கு வலி எடுத்தது. பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு வடமலை வண்டியைக் கிளப்பியது. மூங்கில் புதரைத் தாண்டித் திரும்பினால், நடுப்பாதையில் புலி. வடமலை கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தது. கார் நின்றுவிட்டது. 'முன்னால் பாதசாரி. பொறுமையாக இருக்கவும்' என்று திரையில் எழுத்து ஓடியது. வடமலை ரிவர்ஸ் போட்டுப் பார்த்தது. பின்னால் ஒரு மயில் கடந்துகொண்டிருந்ததால் அதற்கும் கார் மரியாதை கொடுத்தது.

புலி ஜன்னலருகே வந்து குனிந்தது. மீசை கண்ணாடியில் உரசியது.

"எனக்காகவா நிறுத்தினீங்க?"

பிறந்ததிலிருந்து, தன்னைப் பார்த்ததும் நின்ற ஒரு ஜீவனை அது கண்டதில்லை.

வடமலை ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்துகொண்டது. பூங்காவனம்தான் வலியோடு வலியாகப் பேசியது. "ஆமாண்ணே. வெயில்ல நடந்து போறீங்களேன்னுதான். ஏறிக்குங்க."

புலி முன் சீட்டில் ஏறியது. கார் கீகீ என்று கத்த, பெல்ட்டும் போட்டுக்கொண்டது. பசிதான். ஆனால் அண்ணன் என்று கூப்பிட்டு வண்டியில் ஏற்றியவர்களை எப்படிச் சாப்பிடுவது? கூச்சத்தில் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தது.

மருத்துவமனையில் டோக்கன் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. புலி பூங்காவனத்தைக் கைத்தாங்கலாக இறக்கியது. நிமிர்ந்து பார்த்தபோது வரிசையைக் காணோம். காட்டுப்பன்றி ஒன்று குளுக்கோஸ் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தது. மான் டாக்டர் ஜன்னல் வழியாகப் போய்விட்டார். முள்ளம்பன்றி நர்ஸ் அற்புதம் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கூட வந்தவங்க வெளிய உக்காருங்க," என்றது.

புலி வாலைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தது.

மதியத்துக்குள் சுகப்பிரசவம். ஐந்து குட்டிகள். வடமலை மயங்கிக் கிடந்ததால் நர்ஸ் முதல் குட்டியைத் துணியில் சுற்றிப் புலியின் கையில் கொடுத்தது. புலி மூச்சு விடவும் பயந்துகொண்டு அப்படியே வைத்திருந்தது.

"தலையைத் தாங்கிப் பிடிங்க, மாமா," என்று அதட்டியது நர்ஸ்.

புலி தாங்கிப் பிடித்தது.

நீதி: பிரசவத்துக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு புலியை ஏற்றிக்கொள்ளவும். டோக்கன் போடத் தேவையிருக்காது.