கிண்டிக்கு எத்தனை நிமிஷம்?

கோதண்டராமனுக்கு வந்த மாற்றல் உத்தரவு ஒரே ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டு அவர் மனசுக்குள் போட்ட திட்டமோ ஏழு பக்கத்துக்குக் குறையாது.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு விதைக் கம்பெனியின் கிளை ஆபீசில் பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டியவர் அவர். 2003 மே மாதம், ஜூன் இரண்டாம் தேதி சென்னை கிண்டியிலுள்ள தலைமை ஆபீசில் வந்து சேரும்படி கடிதம் வந்தது. வேறு யாராவது என்றால் மூட்டை கட்ட ஆரம்பித்திருப்பார்கள். கோதண்டராமன் அன்றைக்கே தலைமை ஆபீசில் இருக்கும் பழைய நண்பர் ஆதிமூலத்துக்குப் போன் போட்டார்.

ஆதிமூலம் குடும்பத்தைப் போளூரில் விட்டுவிட்டு, திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனி அறையில் இருப்பவர்.

"வாய்யா! என் ரூம்ல ஒரு கட்டில் காலி. காலையில பேப்பர் மொத ஆளா நீதான் பிரிக்கலாம். சாயங்காலம் கேரம் போர்டு. எங்க போற, எப்ப வருவேன்னு கேக்க ஒரு ஜீவன் கெடையாது. மேன்ஷன்ல டென்ஷனே இல்ல!"

அந்தக் கடைசி வாக்கியம் கோதண்டராமனின் காதில் ஒரு வாரம் ஒலித்தது. வீட்டில் பேப்பர் அவர் கைக்கு வரும்போது அதில் பாதி ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருக்கும். வாசல் கதவு கிரீச்சிட்டால் போதும், சமையலறையிலிருந்து "எங்கங்க?" என்று வேதாவின் குரல் வரும். அவள் சண்டைக்காரி இல்லை. எதையும் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள், அவ்வளவுதான்.

நான் மட்டும் போகிறேன் என்று நேராகச் சொன்னால் தொலைந்தது. அதனால் கோதண்டராமன் விஞ்ஞானத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"வேதா, மெட்ராஸ்ல வீடு பாக்கறது நம்மூர் மாதிரி இல்ல. வாடகை, தண்ணி எல்லாம் அப்பறம். ஆபீசுக்கு எத்தனை நிமிஷம்? அதான் கேள்வி. நான் நேர்ல போய் ஒவ்வொரு எடமா அளந்துட்டு வர்றேன்."

"அளந்துட்டு வாங்க" என்றாள் வேதா. "எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்குது."

லீவு போட்டுவிட்டுப் போனார். கிண்டிக்கு எந்த ஊரிலிருந்து வருவது மகா கஷ்டமோ, அந்த ஊராகப் பொறுக்கியெடுத்து அளந்தார். கும்மிடிப்பூண்டி இரண்டே முக்கால் மணி. ஆவடி இரண்டு மணி. செங்கல்பட்டு ஒன்றே முக்கால் மணி. அதில் டீ குடித்த நேரம், ரயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிய நேரம் எல்லாம் அடக்கம். குடியிருக்க இடம் தேடிப் போனவருக்கு நிற்கவே இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும் நிஜம்.

திரும்பி வந்து நோட்டை நீட்டினார். வேதா நிமிஷங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினாள்.

"இது கெடக்கட்டும். தெனமும் அத்தனை தூரம் வர்றாங்களே, அவங்கள்லாம் ரயில்ல இன்னாங்க பண்றாங்க?"

கோதண்டராமன் தன்னை மறந்தார். "அதை ஏன் கேக்கற! ஒருத்தன் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நின்னபடியே தூங்கறான். குறட்டை வேற. சரியா அவன் ஸ்டேஷன் வந்ததும் கண்ணைத் தொறந்து இறங்கிட்டான்! நாலு பேரு முழங்கால் மேல துண்டை விரிச்சு சீட்டாடறாங்க. அஞ்சு வருஷமா ஒரே ஆட்டமாம். ஒரு பொம்பளை கீரை முழுக்க ஆஞ்சு முடிச்சிட்டுத்தான் இறங்குது..." சட்டென்று நினைவு வந்து முகத்தைச் சுருக்கினார். "பாவம். நரகம், வேதா. நரகம்."

"நானும் ஒரு தரம் பாக்கணுமே!"

இதைவிட நல்ல சகுனம் உண்டா? ஒரு தரம் நசுங்கினால் இவளே 'நீங்க மட்டும் போங்க' என்பாள். மகள் கவிநிலாவைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே தாம்பரம் போய் லாட்ஜில் தங்கினார்கள். திங்கட்கிழமை எட்டேகால் ரயிலில், இருப்பதிலேயே கூட்டம் பிதுங்கிய பெண்கள் பெட்டியாகப் பார்த்து வேதாவை ஏற்றிவிட்டு, கோதண்டராமன் அடுத்த பெட்டிக்கு ஓடினார்.

கிண்டியில் அவர் இறங்கவில்லை, இறக்கப்பட்டார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. இடது கால் செருப்பு பல்லாவரத்திலேயே இறங்கிவிட்டிருந்தது. இருந்தாலும் மனசில் ஒரு குதூகலம். கண்ணீரும் கம்பலையுமாக வரப்போகும் மனைவிக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு நின்றார்.

வேதா இறங்கினாள். ஏறும்போது இல்லாத இரண்டு முழம் மல்லிகை தலையில் இருந்தது. கையில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காய். கூட ஒரு பருத்த அம்மாள்.

"ஏங்க, இவங்க ராணியம்மாள். பொண்ணைப் பாக்கத் தாம்பரம் போய்ட்டு வர்றாங்க. குரோம்பேட்டையிலேர்ந்து பழக்கம்."

"கூட்டமா இல்லையா?"

"ஜாஸ்திதான். எந்த ஊருன்னு கேட்டாங்க, திருவண்ணாமலைன்னேன். கிரிவலம் வந்துட்டுப் போன கதையை ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிச்சு, எடம் குடுத்து உக்கார வெச்சுட்டாங்க. ஆமா, ஏங்க ஒத்தைக் கால்ல செருப்பு?"

கோதண்டராமன் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிப் போட்டார். ஆபீசில் ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. "நீங்க போய்ட்டு வாங்க, நான் இவங்ககூட ஒரு காபி குடிச்சுட்டு வர்றேன்" என்றாள் வேதா. நல்லதாகப் போயிற்று என்று வெறுங்காலோடு நடந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் தீர்ப்பு நாள். கோதண்டராமன் பெரிய தாளில் கட்டம் போட்டு, தாம்பரத்தையும் சேர்த்து நான்கு ஊரையும் சிவப்பு மையால் அடித்தார்.

"பாத்தியா? ஒண்ணும் தேறல. உன்னையும் கொழந்தையையும் கூட்டிட்டுப் போய் இந்தப் பாடு படுத்த என் மனசு ஒத்துக்கல. நான் ஆதிமூலம்கூட திருவல்லிக்கேணியில தங்கிக்கறேன். சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடறேன்."

வேதா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"திருவல்லிக்கேணிலேர்ந்து கிண்டிக்கு எத்தனை நிமிஷம்? அதை இதுல காணோமே."

"அது... ஒத்தை ஆளுக்குக் கம்மியாத்தான் ஆகும்."

"ஓ! ஒத்தை ஆளுன்னா பஸ்ஸு வேகமாப் போவுமா?"

"கேள்வி கேட்டே கொல்லாத. வேற வழி இல்ல."

"சரிங்க, சரிங்க. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன். தூரம் ஒண்ணுதான் தகராறு, இல்ல? நாங்க வர்றதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"சேச்சே! நீங்க இல்லாம எனக்கு எப்டிச் சோறு எறங்கும்? எல்லாம் இந்தப் பாழாப்போன தூரம்!"

"நடந்து போற தூரத்துல ஒரு வீடு கெடச்சா?"

கிண்டியில், ஆபீசுக்குப் பக்கத்தில், குடும்பத்தோடு இருக்கிற மாதிரி வீடா? கோதண்டராமன் தைரியமாகச் சிரித்தார். "கெடச்சா ராஜா வாழ்க்கை. மறுநாளே மூட்டை கட்டிடுவேன். அண்ணாமலையார் மேல சத்தியமா!"

வேதா எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சாவியைக் கொண்டுவந்து தாளின் மேல் வைத்தாள்.

"ராணியம்மாள் வீட்டு மாடி. உங்க ஆபீசுக்குப் பின்தெரு. அன்னிக்குக் காபி குடிக்கப் போனேனே, அப்பவே பாத்துட்டேன். நானும் அளந்தேங்க. கேட்டுலேர்ந்து கேட்டுக்கு நாலு நிமிஷம். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம்."

கோதண்டராமன் சாவியைப் பார்த்தார். சத்தியத்தை நினைத்தார். ஜன்னலுக்கு வெளியே மலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் முதல் வாரம் வேலையில் சேர்ந்தார். இரண்டாவது மாடியில், பின்பக்க ஜன்னலோரம், நல்ல காற்று வருகிற மேஜை. பதினொரு மணிக்கு ஆதிமூலம் வடைத் தட்டோடு வந்து, மேன்ஷன் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கோதண்டராமன் பெருமூச்சு விட்டபடி ஒரு வடையைத் தின்றார். மனசு ஆறவில்லை. தட்டில் மறுபடி கை வைத்தார்.

எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வேதாவின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, அது ரெண்டாவது!"