பாட்டில் சார் வீட்டில் பூத்த பூ

மாண்ட்ரியால் குளிரை ஜெயித்த தமிழர் ஒரே ஒருவர்தான். அவர் பாட்டில் சார். பெயரைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் சற்று எட்டியே நிற்பார்கள். மனிதர் காபிகூடக் குடிக்காதவர்.

எழுபதுகளில் அந்த ஊரின் கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில் எங்களுக்கு எதிர் ஃபிளாட். பாலம் கட்டும் இன்ஜினியர். வீடு முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள். அடியில் ஈர மண், நடுவே செடி, மேலே இறுக்கிய மூடி. எல்லாம் மீன் தொட்டிக்குள் முழுகிக் கிடக்க வேண்டிய செடிகள். அவற்றை வெளியே எடுத்து, வெறும் ஈரக் காற்றிலேயே வளர்த்தார். மீன் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால், "அது செடியைக் கடிக்கும் சார்" என்பார்.

ஹீட்டர் காற்றில் எங்களுக்கெல்லாம் உதடு வெடித்துக் கிடக்கும். அவர் பாட்டிலுக்குள் மட்டும் ஐப்பசி மழை. இலைதோறும் முத்து முத்தாக நீர். வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

அதில் ஒன்று நம் ஊர் ஆற்றோரச் செடி. தண்ணீருக்குள் முழுகியிருந்தால் பூக்காதாம். வெளியே வளர்ந்தால்தான் பூக்குமாம். அந்தப் பூவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார். ஒரு பிப்ரவரியில் மொட்டு விட்டது. அதே வாரம் ஆபீஸ் அவரை டொரான்டோவுக்கு அனுப்பியது. சாவியை என் மனைவி கமலாவிடம் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கமலாவுக்குக் கண்ணாடி பாட்டில் என்றால் ஊறுகாய். மூடிக்குள் நீர்த்துளியைப் பார்த்ததும் பதறிவிட்டாள், பூசணம் பூத்துவிடுமே என்று. அவர் திரும்புவதற்கு முதல் நாள், மூடிகளைக் கழற்றி, வெள்ளைத் துணி கட்டி, பாட்டில்களை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டாள்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இலையெல்லாம் அப்பளம். கமலா அழுதாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் ஒவ்வொரு துணியாக அவிழ்த்து, மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, "வேர் இருக்கும்மா, துளிர்த்துடும்" என்று அவளைத் தேற்றினார்.

மொட்டுச் செடியைக் காணோம். "ஜன்னல்ல இடமும் இல்ல, காய்ஞ்ச துணியும் இல்ல சார். அதை மட்டும் ஈர டவலைப் போட்டு மூலையில வெச்சேன்" என்றாள் கமலா விசும்பிக்கொண்டே.

டவலின் ஓரத்தைத் தூக்கினார். விரல் நீளத்தில், திரி போல முறுக்கிக்கொண்டு, ஊதாவாக ஒரு பூ. வருஷக்கணக்கில் காத்திருந்த மனிதர், ஒரு கணம்கூடச் சரியாகப் பார்க்காமல் விலகி நின்றார்.

"வாங்கம்மா, நீங்க முதல்ல பாருங்க."

எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தாகிவிட்டது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது அவரை மட்டும்தான்.